"இந்த மாசத்தோட கட் பண்ணிடலாம்!" அப்பா சொல்வதற்கு முன்பே ஓடிடிக்கு எப்படித் தெரிந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த அப்பா போனைப் பார்த்தார். வங்கியிலிருந்து ஒரு எஸ்எம்எஸ். ஓடிடி சந்தாவுக்கான பணம் நாளை கணக்கிலிருந்து எடுக்கப்படும் என்று இருந்தது.

"ஏம்மா, இதை யாரு பாக்குறா? டிவியில அந்த ஆப்பைத் தொறந்தே எவ்ளோ நாளாச்சு. இந்த மாசத்தோட கட் பண்ணிடு."

எங்கள் வீட்டில் இந்த வசனம் புதிதல்ல. உங்கள் வீட்டிலும் மாதம் ஒருமுறை கேட்டிருக்கும். நான் போனை எடுத்து அந்த ஆப்பைத் திறக்கப் போனபோதுதான் கவனித்தேன். இரண்டு நாள்களுக்கு முன்பே அதிலிருந்து ஒரு நோட்டிஃபிகேஷன் வந்து கிடந்தது. நாங்கள் பாதியில் விட்ட படம் எங்களுக்காகக் காத்திருக்கிறதாம். அதற்கு முந்தைய வாரம் ஒரு மெயில். குறைந்த விலையில் மொபைலுக்கு மட்டுமான திட்டம் இருக்கிறதாம், மாறிக்கொள்ளலாமாம். ஆறு மாதமாக ஒரு வார்த்தை பேசாமல் மாதா மாதம் பணம் மட்டும் எடுத்துக்கொண்டிருந்த ஆப் அது. திடீரென்று ஏன் இவ்வளவு பாசம்?

"நாம நிறுத்தப் போறோம்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அம்மா.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

கேபிள் அண்ணனுக்குத் தெரிந்த கணக்கு

முதலில் பழைய கதை ஒன்று. எங்கள் தெருவில் கேபிள் பணம் வசூலிக்க வரும் அண்ணனுக்கு எந்த வீட்டில் கனெக்‌ஷன் கட் ஆகப் போகிறது என்று ஒரு மாதத்துக்கு முன்பே தெரியும். பையனோ பெண்ணோ பத்தாவதோ பன்னிரண்டாவதோ போகும் வீடு என்றால் ஜனவரியில் கட். வாசலில் 'டு லெட்' போர்டு தொங்கினால் கட். இரண்டு மாதமாக "நாளைக்கு வாப்பா" என்று சொல்லும் வீடு என்றால் அவரே போய் வயரைப் பிடுங்கிவிடுவார். பரீட்சை வீடுகளில் மட்டும், "மே மாசம் வந்து போட்டுத் தரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போவார். சொன்னபடி மே மாதம் வருவார்.

இன்றைய ஓடிடி நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவு செய்து கம்ப்யூட்டரில் செய்வதும் இதையேதான். வாசலில் வந்து நிற்க முடியாததால், நாம் எந்தத் திரையில், எப்போது, எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதை வைத்து வீட்டின் நிலவரத்தைக் கணிக்கிறார்கள்.

சந்தாதாரர்கள் விட்டுப் போவதைத் தொழில் மொழியில் 'சர்ன்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் கடைவது என்று பொருள். தயிர்ப் பானையில் மத்து சுற்றுவதுபோல, ஒரு பக்கம் ஆள் வருவதும் இன்னொரு பக்கம் போவதுமாகவே பிழைப்பு ஓடும். புதிய ஆளைப் பிடிக்க விளம்பரம், சலுகை என்று நிறையப் பணம் போகும். இருக்கிற ஆளைத் தக்கவைப்பது அதைவிட மலிவு. அமெரிக்காவில் ஆன்டெனா என்ற ஆய்வு நிறுவனம் 2024-ல் சொன்ன கணக்குப்படி, அங்கே காசு கொடுத்து ஓடிடி பார்ப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சந்தாக்களை நிறுத்தியவர். பிடித்த தொடர் வந்தால் சேர்வது, முடிந்ததும் வெளியே போவது என்று மக்களும் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

நெட்ஃப்ளிக்ஸ் 2022-ன் முதல் மூன்று மாதங்களில் 2 லட்சம் சந்தாதாரர்களை இழந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேலாக அப்படி ஒரு சரிவையே பார்க்காத நிறுவனம் அது. செய்தி வந்த மறுநாள் அதன் பங்கு விலை ஒரே நாளில் 35 சதவீதம் விழுந்தது. ஒரு வீடு "கட் பண்ணிடு" என்று சொல்வது ஏன் அவர்களை இவ்வளவு பதற வைக்கிறது என்பது புரிகிறது அல்லவா?

என் வீட்டு ஃபைலைத் திறந்தேன்

நம்மைப் பற்றி என்ன சேமித்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பல ஓடிடிகளில் நாமே கேட்டு வாங்கலாம். உதாரணமாக, நெட்ஃப்ளிக்ஸ் கணக்கின் அமைப்புகளுக்குள் போனால் நம் தகவல்களை மொத்தமாக டவுன்லோடு செய்யும் வசதி இருக்கிறது. நான் எங்கள் வீட்டில் இருந்த ஓடிடியிடம் கேட்டேன். பெயர் வேண்டாம், எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். சில நாள்களில் ஒரு ஜிப் ஃபைல் வந்தது.

திறந்தால் எக்ஸெல் ஷீட்டில் ஆயிரக்கணக்கான வரிகள். ஒவ்வொரு வரியிலும் யாருடைய ப்ரொஃபைல், எத்தனை மணி எத்தனை நிமிடம் எத்தனை நொடிக்கு ஆரம்பித்தோம், எவ்வளவு நேரம் ஓடியது, எந்த இடத்தில் நிறுத்தினோம், என்ன கருவி, எந்த நாடு என்று எல்லாம் இருந்தன. நேரம் உலகப் பொது நேரத்தில் இருப்பதால் ஐந்தரை மணி நேரம் கூட்டிப் படிக்க வேண்டும். அது தெரியாமல் முதலில் பார்த்தபோது, பாட்டி சாயங்காலம் பார்த்த பக்திப் படம் மதியச் சமையல் நேரத்தில் ஓடியதாக இருந்தது. வீட்டில் சின்னப் பஞ்சாயத்தே நடந்துவிட்டது.

நாமாக ப்ளே செய்தது எது, முன்னோட்டம் தானாக ஓடியது எது என்பதுகூடத் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது. இன்னொரு ஷீட்டில் நாங்கள் தேடிய வார்த்தைகள். தம்பி ஒரு படத்தின் பெயரை மூன்று விதமான ஸ்பெல்லிங்கில் தேடி, கிடைக்காமல் வெளியே போயிருக்கிறான். அதுவும் பதிவாகி இருந்தது. வேறொன்றில், அவர்கள் எங்களுக்கு அனுப்பிய மெயில்கள், நோட்டிஃபிகேஷன்கள், அவற்றில் எதைத் திறந்தோம் என்ற பட்டியல்.

நான் அதிகம் நேரம் செலவழித்தது 'கருவி' என்ற ஒரு வரிசையில்தான். ஹாலில் இருக்கும் டிவி, என் லேப்டாப், அப்பாவின் போன், அம்மாவின் போன், தம்பியின் டேப்லெட். ஐந்து திரைகளில் ஒரு குடும்பம். இந்த ஐந்தும் ஒரே கணக்கில் ஒரே நூலில் கோக்கப்பட்டிருப்பதால், கேபிள் அண்ணனுக்குத் தெரியாத விஷயங்கள்கூட ஓடிடிக்குத் தெரிகின்றன.

டிவி பேசும், போன் வேறு பேசும்

எந்தத் திரையில் பார்க்கிறோம் என்பதில் அப்படி என்ன இருக்கிறது?

நெட்ஃப்ளிக்ஸ் 2018-ல் ஒரு விவரம் சொன்னது. புதிதாகச் சேருகிறவர்களில் டிவி வழியாகச் சேருவது நான்கில் ஒரு பங்குதான். பெரும்பாலானவர்கள் கம்ப்யூட்டரிலோ போனிலோ சேருகிறார்கள். ஆனால் சேர்ந்து ஆறு மாதம் ஆனதும், பார்ப்பதில் 70 சதவீதம் டிவிக்கு வந்துவிடுகிறது. தனியாக ஒருவர் போனில் ஆரம்பித்தது மெதுவாக ஹாலுக்கு நகர்ந்து வீட்டுச் சொத்தாகிவிடுகிறது என்று அர்த்தம்.

இந்த நகர்வு அவர்களுக்கு முக்கியம். ஒரே ஒருவர், ஒரே போனில், ஒரே ஒரு தொடரைப் பார்க்கிறார் என்றால் அந்தத் தொடர் முடிந்ததும் அவர் கிளம்பிவிடலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதே கணக்கு டிவியிலும் ஓடுகிறது, குழந்தைக்குத் தனி ப்ரொஃபைல் இருக்கிறது, பாட்டிக்குப் பழைய படம் பழகிவிட்டது என்றால், நிறுத்துவதற்கு ஒரு குடும்ப மாநாடே கூட்ட வேண்டும். "குட்டிப் பையன் சாப்பிட மாட்டானே" என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், அந்த மாதம் தப்பித்தது.

அதனால்தான், போனில் பாதி பார்த்த படத்தை டிவியில் போட்டால் அதே நொடியிலிருந்து ஓடுகிறது. நமக்கு அது வசதி. அவர்களுக்கு, நாம் அடுத்த திரைக்கு மாறிக் கால் ஊன்றுவதற்கான ஏற்பாடும்கூட. புது டிவி வாங்கி லாக்-இன் செய்ததும் வரிசையாக வரும் பரிந்துரைகள், "இன்னொரு ப்ரொஃபைல் சேர்க்கலாமே" என்ற தூண்டுதல் எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

இந்தியாவில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. உலகில் வேறு எங்கும் இருப்பதைவிட இந்தியாவில்தான் சந்தாதாரர்கள் அதிகம் மொபைலில் பார்க்கிறார்கள் என்று 2019-ல் நெட்ஃப்ளிக்ஸே சொன்னது. அந்த ஜூலையில் மொபைலுக்கு மட்டும் மாதம் 199 ரூபாய் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் அதையும் 149 ரூபாய் ஆக்கியது. டிவியில் பார்க்க முடியாது, ஆனால் விலை குறைவு. "காசு அதிகம்" என்று போகிறவரை முழுதாக விட்டுவிடாமல், பாதி வாசலிலாவது நிறுத்தி வைக்கும் வழி. எனக்கு வந்த அந்த மெயிலின் பின்னணி இதுதான். எங்கள் வீட்டு டிவி பல வாரங்களாகச் சும்மா இருந்தது. போன் மட்டும்தான் ஓடியது. விலை குறைந்த மொபைல் திட்டத்தைக் காட்ட அதைவிடப் பொருத்தமான வீடு கிடைக்குமா?

கிரிக்கெட்டில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 2023-லிருந்து ஐபிஎல் டிஜிட்டல் உரிமை ஹாட்ஸ்டாரின் கையை விட்டுப் போனது. ஜியோசினிமா அதை இலவசமாகவே காட்டியது. விளைவு? டிஸ்னி ப்ளஸ் ஹாட்ஸ்டாரின் சந்தாதாரர் எண்ணிக்கை 2022 அக்டோபர் தொடக்கத்தில் 6.13 கோடி. 2023 ஜூலை தொடக்கத்தில் 4.04 கோடி. அதிலும் 1.25 கோடிப் பேர் ஒரே காலாண்டில் போனார்கள். கிரிக்கெட்டுக்காக மட்டும் வந்தவர்கள் யார், மற்றதையும் பார்க்க வந்தவர்கள் யார் என்பதை அந்தக் காலாண்டு பிரித்துக் காட்டிவிட்டது.

அதே ஆண்டு ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் ஹாட்ஸ்டார் இலவசமாகக் காட்டியது. ஆனால் மொபைலில் மட்டும். பெரிய திரையில் பார்க்கச் சந்தா வேண்டும். நவம்பர் 19-ம் தேதி அகமதாபாத்தில் நடந்த இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். போனில் பார்ப்பவருக்கு வலை, டிவியில் பார்ப்பவருக்குக் கட்டணம். யாருக்கு எந்தத் திரை என்ற கணக்கு இல்லாமல் இப்படி ஒரு கோடு போட முடியாது. (இந்தியா தோற்ற அந்த இரவைப் பற்றி மேலே எழுத விருப்பம் இல்லை.)

மதிப்பெண் போடும் மெஷின்

சரி, "இந்த வீடு கிளம்பப் போகிறது" என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஏற்கெனவே நிறுத்திவிட்டுப் போன லட்சக்கணக்கான கணக்குகளை எடுத்துக்கொள்கிறார்கள். போவதற்கு முந்தைய சில வாரங்களில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கிறார்கள். பக்கத்திலேயே, போகாமல் இருந்தவர்களின் நடவடிக்கை. இரண்டையும் மெஷினிடம் கொடுத்து, வித்தியாசத்தை நீயே கண்டுபிடி என்று விட்டுவிடுகிறார்கள். கடைசியாகப் பார்த்து எத்தனை நாள் ஆனது, ஆரம்பித்த தொடரை முடித்தாரா, தேடிவிட்டு எதையும் பார்க்காமல் வெளியே போனாரா, முன்பு ஓடிய திரைகளில் எது அடங்கிப் போனது, கணக்கு அமைப்புகளுக்குள் போய் எட்டிப் பார்த்தாரா... இப்படி நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அடையாளங்கள். கடைசியில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு மதிப்பெண். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் அதிகமானால் சந்தோஷம். இங்கே அதிகமானால் கவலை.

நெட்ஃப்ளிக்ஸின் பரிந்துரை முறையை உருவாக்கிய கார்லோஸ் கோமெஸ் உரிபே, நீல் ஹன்ட் இருவரும் 2015-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். என்ன பார்ப்பது என்று தேடும் ஒருவர் 60 முதல் 90 நொடிகளில் ஆர்வம் இழந்துவிடுகிறார் என்கிறது அது. அதற்குள் அவர் கண்ணில் படுவது 10 முதல் 20 பெயர்கள். அதற்குள் பிடித்தது கிடைக்காவிட்டால் ஆப்பை மூடிவிடுவார். நெட்ஃப்ளிக்ஸில் பார்க்கப்படும் நேரத்தில் 80 சதவீதம் பரிந்துரைகளால் நடப்பது, தேடிப் பார்ப்பது 20 சதவீதம்தான். இந்தப் பரிந்துரைகளால் சந்தா நிறுத்துவது குறைந்து ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் மிச்சமாகிறது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒரு படத்துக்கு உங்கள் போனில் ஒரு போஸ்டர், உங்கள் அண்ணன் ப்ரொஃபைலில் வேறு போஸ்டர் வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? காதல் படம் பார்ப்பவருக்கு ஜோடியின் முகம், காமெடி பார்ப்பவருக்குக் காமெடி நடிகரின் முகம். எல்லாம் அந்த 90 நொடிக்கான போராட்டம்.

மதிப்பெண் போடுவதைவிட, போட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் கஷ்டமான வேலை என்று படிக்கப் படிக்கத் தோன்றியது. இந்தத் துறையில் சந்தாதாரர்களை நான்காகப் பிரிக்கிறார்கள். ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுகிறவர். சொல்லாவிட்டாலும் இருப்பவர். என்ன சொன்னாலும் போய்விடுகிறவர். நான்காவது வகைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'தூங்கும் நாய்'. மரியாதையான பெயர் இல்லை, ஆனால் தொழிலில் அப்படித்தான் சொல்கிறார்கள். மாதா மாதம் பணம் கட்டிக்கொண்டு, பார்க்காமலே இருப்பவர். அவருக்கு "உங்களைக் காணோமே" என்று மெயில் அனுப்பினால், "அட, இது இன்னும் ஓடிக்கிட்டு இருக்கா?" என்று ஞாபகம் வந்து நிறுத்திவிடுவார். எனவே அவரைத் தட்டி எழுப்பக் கூடாது.

எங்கள் வீட்டுக்கு ஆறு மாதம் எந்தத் தொந்தரவும் வராதது எதனால் என்று எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. சேர்ந்த பிறகு ஓர் ஆண்டு எதுவுமே பார்க்காதவர்களுக்கும், இரண்டு ஆண்டாகப் பார்ப்பதை நிறுத்தியவர்களுக்கும் "தொடர விருப்பமா" என்று கேட்டு, பதில் இல்லையென்றால் நாங்களே நிறுத்திவிடுவோம் என்று 2020 மே மாதம் நெட்ஃப்ளிக்ஸ் அறிவித்தது. அப்படிப்பட்டவர்கள் மொத்தத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவுதான் என்றும் சொன்னது. நல்ல விஷயம்தான். ஆனால் ஒன்றுமே பார்க்காதவர் யார் என்பது ஒரு நிறுவனத்துக்கு அத்தனை துல்லியமாகத் தெரியும் என்பதையும் அந்த அறிவிப்பு சொல்லிவிட்டது.

இரவு 2 மணிக்கு அம்மா

என் ஃபைலுக்குத் திரும்பி வருகிறேன். தேதிவாரியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் டிவி சட்டென்று நின்றுவிட்டது. தம்பியின் டேப்லெட்டும் இல்லை. பத்தொன்பது நாள்களுக்கு அம்மாவின் போன் மட்டும். நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இரவு 1.50, 2.15, 3 மணி. ஒவ்வொன்றும் எட்டு நிமிடம், பதினோரு நிமிடம். எல்லாம் பழைய காமெடிப் படங்கள். எதையும் முடிக்கவில்லை.

தேதியைப் பார்த்ததும் புரிந்தது. அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்து மருத்துவமனையில் வைத்திருந்த நாள்கள் அவை. இரவில் அம்மா மட்டும்தான் கூட இருந்தார். காலையில் நான் டிபன் எடுத்துப் போகும்போது, "நல்லாத் தூங்கினேன்" என்றுதான் தினமும் சொல்வார்.

மெஷினுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? டிவி அடங்கியது, பார்க்கும் நேரம் குறைந்தது, எதையும் முடிக்கவில்லை. கிளம்பப் போகும் வீடு. அனுப்பிய மெசேஜ்களின் பட்டியலைப் பார்த்தேன். அந்தப் பத்தொன்பது நாள்களில் நான்கு நோட்டிஃபிகேஷன் வந்திருக்கிறது. அதில் ஒன்று இரவு பத்தரை மணிக்கு, குடும்பத்தோடு சேர்ந்து பார்க்க ஒரு படம் என்று சொல்லி.

அவர்கள் வேண்டுமென்றே செய்யவில்லை. எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் உட்கார்ந்து பார்க்கவும் இல்லை. ஆனால் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் அளவுக்கு விவரம் அங்கே இருக்கிறது. பெற்ற மகள் எனக்குத் தெரியாதது, அந்த ஷீட்டில் இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதெல்லாமா எழுதி வெச்சிருக்காங்க" என்றார். அப்புறம், "அப்பாகிட்ட சொல்லாத" என்றார். பிறகு அவரே, கட்டுரையில் எழுதிக்கொள் என்று அனுமதி கொடுத்தார். இப்போது அப்பாவுக்கும் தெரியும்.

என்ன பார்க்கிறோம் என்பது அந்தரங்கம் என்பதை அமெரிக்கா ஒரு விசித்திரமான சம்பவத்தில் புரிந்துகொண்டது. 1987-ல் ராபர்ட் போர்க் என்பவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக அதிபர் ரீகன் முன்மொழிந்தார். வாஷிங்டன் பத்திரிகையாளர் ஒருவர், போர்க் குடும்பம் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டுகளின் பட்டியலைக் கடையிலிருந்து வாங்கிப் பத்திரிகையில் போட்டுவிட்டார். 146 கேசட்டுகள். அதில் விவகாரமாக எதுவும் இல்லை. ஆனால் எம்.பி-க்கள் அத்தனை பேருக்கும் பகீர் என்றது, நம் பட்டியலும் வெளியே வந்தால்? மறு ஆண்டே வீடியோ வாடகை விவரங்களை வெளியிடத் தடை விதித்துச் சட்டம் வந்துவிட்டது. கேசட் கடைக்காரருக்கு எந்தப் படம் எடுத்தார்கள் என்பது மட்டும்தான் தெரியும். எட்டாவது நிமிடத்தில் நிறுத்தியது தெரியாது.

டிவியே வேவு பார்த்த கதையும் உண்டு. விசியோ என்ற அமெரிக்க டிவி நிறுவனம், திரையில் என்ன ஓடுகிறது என்பதை நொடிக்கு நொடி படித்து அனுப்பும் மென்பொருளைத் தன் டிவிகளில் வைத்திருந்தது. கேபிள், டிவிடி, ஓடிடி, எதில் பார்த்தாலும் அதற்குத் தெரியும். 1.1 கோடி டிவிகளிலிருந்து இப்படிச் சேகரித்ததாக வழக்கு வந்து, 2017-ல் 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. உங்கள் ஸ்மார்ட் டிவியின் அமைப்புகளில் 'வியூயிங் டேட்டா', 'வியூயிங் இன்ஃபர்மேஷன்' என்பதுபோல ஏதாவது இருந்தால், அது ஆன் ஆகி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

போகும் வழியில் ஒரு காவியம்

கணிப்பெல்லாம் பலிக்காமல், கேன்சல் பட்டனைத் தேடிக் கிளம்பியே விட்டோம் என்று வையுங்கள். அங்கேயும் சில வேலைகள் நடக்கும்.

அமேசான் ப்ரைமில் சந்தாவை நிறுத்தும் வழிக்கு அந்த நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்'. ட்ராய் போரைப் பாடும் கிரேக்கக் காவியம், அவ்வளவு நீளம். நான்கு பக்கம், ஆறு க்ளிக், பதினைந்து தேர்வுகள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-ல் போட்ட வழக்கில் சொன்னது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது அமேசான். அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை.

நம் நாட்டிலும் இதற்கு விதி இருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. அதில் 'சந்தாப் பொறி' ஒன்று. நிறுத்தும் வழியை ஒளித்து வைப்பது, சுற்றவிடுவது, இலவசமாகப் பார்க்கவே கார்டு விவரம் கேட்பது எல்லாம் அதில் வரும். இப்படி மாட்டிக்கொண்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திடம் புகார் செய்யலாம்.

அப்பாவுக்கு வந்த அந்த எஸ்எம்எஸ்கூட சும்மா வரவில்லை. ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரில் அமலுக்கு வந்த பிறகுதான், கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் சொல்ல வேண்டும் என்றானது. தூங்குகிறவரை ஓடிடி எழுப்பாவிட்டாலும் வங்கி எழுப்பிவிடுகிறது. என் கணக்கில் இது கடந்த சில ஆண்டுகளில் வந்த மிக உபயோகமான எஸ்எம்எஸ்.

இதற்கு மாற்றாக நிறுவனங்கள் கண்டுபிடித்த வழிகளும் நமக்குத் தெரிந்தவையே. மொபைல் ரீசார்ஜோடு ஓடிடி இலவசம் என்பார்கள். ரீசார்ஜை யாராவது கேன்சல் செய்வார்களா? ஆண்டுச் சந்தா போட்டால் தள்ளுபடி என்பார்கள், பன்னிரண்டு மாதத்துக்கு அந்தப் பேச்சே எழாது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நான்காவது சீசனை 2022-ல் மே 27, ஜூலை 1 என்று இரண்டு துண்டாக வெளியிட்டார்கள். நடுவில் ஐந்து வாரம். மாதச் சந்தா கட்டியவர் முடிவைப் பார்க்க இன்னொரு மாதம் கட்ட வேண்டும். நம்மூர் மெகா சீரியலில் வெள்ளிக்கிழமை கடைசிக் காட்சியில் கதவைத் தட்டும் சத்தம் கேட்குமே, யார் என்று திங்கட்கிழமைதான் தெரியுமே, அதே வித்தைதான்.

ஒன்று மட்டும் வாசகர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. மாதச் சந்தாவை இன்று கேன்சல் செய்தாலும், ஏற்கெனவே கட்டிய காலம் முடியும் வரை பார்க்கப் பெரும்பாலான ஓடிடிகள் அனுமதிக்கின்றன. சேர்ந்த அன்றே ஆட்டோ பேவை நிறுத்தி வைத்துவிட்டு, வேண்டும்போது மறுபடி கட்டலாம். யூபிஐ ஆட்டோ பே என்றால் உங்கள் யூபிஐ ஆப்பிலேயே நடப்பில் இருக்கும் அனுமதிகளைப் பார்க்கலாம், ரத்தும் செய்யலாம். நான் பார்த்தபோது எப்போதோ ட்ரையலுக்குச் சேர்ந்த ஓர் உடற்பயிற்சி ஆப் இன்னும் அதில் உயிரோடு இருந்தது.

அன்று இரவே எங்கள் வீட்டுச் சந்தாவை நிறுத்தினோம். ஏன் போகிறீர்கள் என்று கேட்டது. 'அதிகம் பார்ப்பதில்லை' என்பதை அப்பா தொட்டார். அம்மா பாதியில் விட்டிருந்த படத்தின் போஸ்டர் பெரிதாக வந்தது. "நிஜமாவே போகணுமா?" என்பதுபோல இரண்டு பட்டன்கள். அப்பா ஒரு நொடி அம்மாவைப் பார்த்தார். "யூடியூப்ல இருக்கும், விடுங்க" என்றார் அம்மா.

நான்காவது நாள் மெயில் வந்தது, திரும்பி வந்தால் பாதி விலை என்று. அப்பா அதைத் திறக்கவில்லை. திறந்தால் அதுவும் ஒரு வரியாகப் பதிவாகும் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன்.